"சங்கம் கிங்கம்னு திரியாத, படிக்கிறத மட்டும் பாரு": அப்பா சொல்வது சரியா?

கவ்வாத்துமலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்கு ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் (மனேஜ்மன்ட்) படிக்க இடம் கிடைத்திருக்கிறது. பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பன்னிரண்டு காம்பரா. அதில் கெம்பஸ் போன முதல் ஆள் நான், பேராதனையில் இப்போது கடைசி வருடம். இரண்டாவது ஆள் அவன்.

நேற்று ராத்திரி அப்பா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னதுதான் தலைப்பில் இருப்பது. சங்கம் வேண்டாம், பதவி வேண்டாம், படிக்கிற காலத்தில் வேலையும் வேண்டாம். தம்பி தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அப்பா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவர் ஆறு வருடம் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். எங்கள் பக்கம் தலைவர் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். சம்பளத்தில் அரைப்பேர், அதாவது அரைநாள் காசு, போட்டுவிட்டால் ஆட்கள் வீட்டு இஸ்தோப்பில் வந்து ஏசுவார்கள். அதைக் கேட்க ஆபீசுக்குப் போனால் தோட்டத்துத் துரை ஏசுவார். அம்மா இன்றைக்கும் அந்த ஆறு வருடத்தைப் பற்றிப் பேசவிடமாட்டார்.

ஆனால் என் கதை வேறு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உயர்தரப் பரீட்சை எழுதி கெம்பஸ் திறக்கும்வரை எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் இடைவெளி. அட்டனில் ஒரு புடவைக் கடையில் நின்றேன். சிங்களத்தில் நாலு வார்த்தை சேர்த்துப் பேச வந்தது அங்கேதான். முதல் வாரம் ஒரு அம்மா "லொக்கு சைஸ்" (பெரிய சைஸ்) கேட்டதற்குச் சின்னதை எடுத்துக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மூன்றாம் மாதம் பில் எழுதும் மேசையில் உட்காரவைத்தார்கள்.

கெம்பஸில் முதல் வருடம் முழுக்க நான் வாயே திறக்கவில்லை. விரிவுரையில் பாதி விளங்காது, விளங்காததைக் கேட்கவும் தெரியாது. விடுதியில் பதுளை அக்கா ஒருத்தர், இரண்டு வருடம் மூத்தவர். அவர் எனக்குப் புத்திமதி ஒன்றும் சொன்னதாக ஞாபகம் இல்லை. விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதினால் தலைப்பில் என்ன போடுவது, நூலகத்தில் புத்தகத்தை எப்படித் தேடுவது, உதவிப்பணம் வந்ததும் முதலில் எந்தச் செலவை ஒதுக்குவது, இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். மற்றப் பிள்ளைகளுக்கு அதையெல்லாம் வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் யாரிடம் கேட்பேன்?

இரண்டாம் வருடம் அந்த அக்கா என்னை ஒரு மாணவர் சங்கத்துக்குப் பொருளாளராக முன்மொழிந்துவிட்டார். என்னைக் கேட்கவேயில்லை. கலைவிழா மலருக்கு விளம்பரம் கேட்டு கண்டி கொழும்பு வீதியில் கடை கடையாக ஏறினோம். முதல் மூன்று கடையில் நான் பேசவில்லை, அக்கா பேசினார். நாலாவது கடை வாசலில் "நீ போ, நான் இங்க நிக்கிறேன்" என்றார். உள்ளே போய் என்ன பேசினேன் என்று இன்றுவரை தெரியாது. அரைப்பக்க விளம்பரம் கிடைத்தது.

விழா முடிந்து கணக்குப் பார்த்தால் 8,400 ரூபாய் இடிக்கிறது. இது 2023. அப்போது அம்மாவின் நாட்சம்பளம் 1,000 ரூபாய், அதாவது எட்டு நாளைக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்த காசு. விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அக்கா வந்து, "அழுதா கணக்கு வருமா? பற்றுச்சீட்டை எல்லாம் கொட்டு" என்றார்.

அப்போதுதான் அம்மாவின் கலண்டர் ஞாபகம் வந்தது. அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. சுவரில் தொங்கும் கடைக் கலண்டரில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அன்றைக்கு நிறுத்த கொழுந்தின் கிலோவைப் பென்சிலால் எழுதுவார், மூன்று நிறுவையும் தனித்தனியாக. சம்பளத் துண்டு வந்ததும் அதோடு ஒத்துப் பார்ப்பார். குறைந்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் போய்க் கேட்பார். நானும் அப்படியே ஒரு தாளில் தேதிவாரியாகக் கட்டம் போட்டு, பற்றுச்சீட்டுகளை அடுக்கினேன். விடியற்காலை மூன்று மணிக்கு ஆள் அகப்பட்டார்: வேனுக்குக் கொடுத்த முற்பணம், எழுதாமல் விட்டது.

போன வருடம் பயிற்சி வேலைக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது இதெல்லாம் எங்கே வந்து நின்றது தெரியுமா? சுயவிபரக் கோவையில் இரண்டு இடம். ஒன்று, "பாடத்துக்கு அப்பாற்பட்ட செயற்பாடுகள்". மற்றது, "உறவினரல்லாத இருவர்" பெயரும் முகவரியும். அந்த இரண்டாவது இடத்தில் எங்கள் தோட்டத்துப் பிள்ளை யார் பெயரைப் போடும்? எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் சித்தப்பாவும் மாமாவும்தான், இல்லையென்றால் கணக்கப்பிள்ளை. சங்க வேலையில் என்னைப் பார்த்த விரிவுரையாளர் ஒருத்தரும் புடவைக் கடை முதலாளியும் இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாகத்தான் போயிருக்கும்.

தம்பிக்கும் அந்த இடம் வரும். அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது? இல்லை, அவர் சொல்வதுதான் சரியா?

நானுஓயா_பனி எழுதியது:

வேனுக்குக் கொடுத்த முற்பணத்தை "ஆள் அகப்பட்டார்" என்றதில் சிரித்துவிட்டேன். தம்பிக்கு வாழ்த்துகள். மற்றதுக்குப் பெரியவர்கள் பதில் சொல்லட்டும்.

தொங்கல்வீடு எழுதியது:

தங்கச்சி, நான் அப்பா பக்கம்.

நானும் லயத்துப் பிள்ளைதான், மஸ்கெலியா. இப்போது கொழும்பில் கணக்காளர். கெம்பஸில் இரண்டு சங்கத்தில் செயலாளர், ஒரு விழாவுக்குத் தலைவர். மேடையில் பெயர் வாசிப்பார்கள், நெஞ்சு நிமிரும். இரண்டாம் வருடம் மூன்று பாடம் மறுபரீட்சை. பட்டத்தில் வகுப்புச் சித்தி, அதாவது கிளாஸ், போயிற்று. சாதாரண சித்தியோடு வெளியே வந்தேன். முதல் நேர்முகப் பரீட்சையில் கேட்ட முதல் கேள்வி "கிளாஸ் இருக்கா?" என்பதுதான். சங்கத்தைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னோடு செயற்குழுவில் இருந்த கொழும்புப் பிள்ளைகளுக்குக் கூட்டம் முடிந்ததும் வீட்டு வாகனம் வரும். எனக்கு பஸ் காசு, போன் காசு, ஆளுக்கு ஆள் தேநீர், எல்லாம் மகாபொலப் புலமைப்பரிசில் காசிலிருந்து. என் காலத்தில் அது 5,000. 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆக்கினார்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய காசில் நான் தலைவனாக இருந்தேன். இதை இன்றைக்கும் அம்மாவிடம் சொல்லவில்லை.

உங்களுக்கு நல்ல அக்கா கிடைத்தார். அது அதிர்ஷ்டம். அதை வைத்துத் தம்பிக்குத் திட்டம் போடாதீர்கள்.

கவ்வாத்துமலை எழுதியது:

அண்ணே, மூன்று பாடம் போனதற்குக் காரணம் சங்கம்தானா? பாடமே ஆங்கிலத்தில் என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்குமே? கோபப்படாதீர்கள், கேட்கத்தான் வேண்டியிருக்கிறது. தம்பிக்கும் பாடங்கள் ஆங்கிலத்தில்தான்.

தொங்கல்வீடு எழுதியது:

கோபமில்லை. பாதி அது, பாதி இது. ஆங்கிலம் விளங்காததால் வகுப்புக்குப் போகப் பிடிக்கவில்லை. வகுப்புக்குப் போகாத நேரத்தில் சங்க அறையில் இருந்தேன், அங்கே எல்லாம் தமிழில். இத்தனை நாள் இதை நான் இப்படி யோசித்ததில்லை.

சரி, ஒரு சமரசம். முதல் வருடம் எந்தப் பதவியும் வேண்டாம், ஆங்கிலம் மட்டும். இரண்டாம் வருடம் ஒன்றே ஒன்று. அதுவும் காசு கணக்கு உள்ள பதவியாக இருந்தால் நல்லது, அவன் படிப்பதற்கு உதவும். தலைவர் பதவி வேண்டவே வேண்டாம். அதில் கைதட்டல்தான் இருக்கிறது.

கடைப்பையன்_பழசு எழுதியது:

நான் கெம்பஸ் பார்க்காதவன். ஆனாலும் வேலை பற்றிப் பேச எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பதினைந்து வயதில் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குப் போனேன். தீபாவளிக்கு ஊருக்கு வந்த பக்கத்துக் காம்பரா அண்ணன் புதுக் காற்சட்டை போட்டிருந்தார், அவ்வளவுதான் காரணம். ராத்திரி கடைக்கு மேலே மூட்டைகளுக்கு நடுவில் படுக்கை. கையில் காசு வந்த பிறகு பள்ளிக்கூடம் எனக்கு மறந்தே போய்விட்டது. படித்தவர்கள் "சின்ன வயதிலேயே வேலை அனுபவம்" என்று அழகாகப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் எரியும். இப்போது சட்டப்படி பதினாறுக்கு முன் வேலைக்கு வைக்க முடியாது. அது வந்தது 2021இல்.

ஆனால் தங்கச்சி செய்தது வேறு. பரீட்சை எழுதிவிட்டு, திரும்பிப் போக ஒரு இடம் இருக்கும்போது வேலைக்கு நிற்பது வேறு. இப்போது தலவாக்கலையில் எனக்குச் சின்னப் பலசரக்குக் கடை இருக்கிறது. உயர்தரம் எழுதிய பிள்ளைகளை எடுப்பேன். வந்த முதல் நாளே சொல்லிவிடுவேன்: "கெம்பஸ் கடிதம் வந்தா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன், நின்னாலும் விடமாட்டேன்." இதுவரை மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் போனார்கள், ஒரு பையன் போகவில்லை. சம்பளத்தைக் கூட்டிக் கேட்டான். நான் கூட்டிக் கொடுத்திருக்கக் கூடாது. அது என் பிழை.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். எங்கே வேலைக்கு நின்றாலும், பயிற்சி முடிந்து முதல் வேலையாக இருந்தாலும், ஊழியர் சேமலாப நிதி (ஓய்வுக்காலச் சேமிப்பு) கட்டுகிறார்களா என்று முதல் நாளே கேட்கட்டும். நம்மிடம் 8 வீதம் வெட்டினால் அவர்கள் 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு அவர்களே தனியாக 3 வீதம். ஒரே ஒரு ஆள் வேலை செய்யும் கடைக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். புறக்கோட்டையில் பதினொரு வருடம் நின்றவனுக்கு அது தெரியாமல் போயிற்று. தோட்டத்தில் அம்மாவுக்குக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை!

மூங்கில்காடு எழுதியது:

எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. நுவரெலியா மாவட்டத்துக்குக் கோட்டா இருக்கிறது, குறைந்த புள்ளியில் போகிறார்கள். போன பிறகு இத்தனை கஷ்டம் என்றால் தகுதி இல்லாமல் போனதாகத்தானே அர்த்தம்?

தொங்கல்வீடு எழுதியது:

எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வந்துவிட்டது. முகாமைத்துவத்துக்கு 40 வீதம் நாடு தழுவிய திறமை, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. இந்தப் பதினாறில் நுவரெலியா, பதுளை மட்டுமில்லை, அம்பாந்தோட்டை, மொனராகலை, மன்னார், அனுராதபுரம் எல்லாம் இருக்கின்றன. அங்கேயும் போய் இதைக் கேட்பீர்களா? நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே நகரத்துப் பாடசாலைப் பிள்ளையோடு போட்டி போட்டுத்தான் லயத்துப் பிள்ளை வருகிறது. அதற்குத் தனிக் கோட்டா எதுவும் கிடையாது.

நானுஓயா_பனி எழுதியது:

மூங்கில்காடு, ஒரு வாரம் லயத்தில் இருந்து, கரண்ட் போன ராத்திரியில் கணக்கியல் படித்துவிட்டு வந்து பதில் போடுங்கள். நாங்கள் இங்கேயே இருப்போம். 🙂

ஓய்வு_வாத்தியார் எழுதியது:

மகளே, உன் பதிவை இரண்டு தரம் வாசித்தேன்.

நான் படித்த தோட்டப் பள்ளிக்கூடம் ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்போடு சரி. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது எழுபதுகளில். என்னைப் போன்றவர்களுக்கு அதற்குப் பிறகுதான் மேலே படிக்க வழி வந்தது. முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தேன். இன்று அதில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கடிதம். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து யார் கையிலாவது வரும், சிலது வராது. பல்கலைக்கழகப் பதிவுக் கடிதம் கடைசித் தேதி போன பிறகு கையில் கிடைத்த பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். பிறகு என்னிடம் படித்த பிள்ளைகளையெல்லாம் என் வீட்டு முகவரியைப் போடச் சொன்னேன். தபால்காரர் "சேர், ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க?" என்று கேட்பார். ஆகையால் தம்பி முதலில் இணையத்தில் தானே பார்த்துப் பதியட்டும், கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவதை நான் அதிகம் பேசுவதில்லை. என்னிடம் படித்த ஒரு பிள்ளைக்குக் கெம்பஸும் கிடைத்தது, பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் கிடைத்தது. வீட்டில் தகப்பன் இல்லை. "கிட்டத்திலேயே கல்லூரிக்குப் போ, மூன்று வருடத்தில் நிச்சயமான நியமனம்" என்று சொன்னேன். அவள் என் சொல்லைத் தட்டவில்லை. இன்று நல்ல ஆசிரியை, பெற்றோர் அவள் வகுப்பைத் தேடி வருகிறார்கள். ஆனால் போன வருடம் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தபோது சிரித்துக்கொண்டே கேட்டாள்: "சேர், நான் கெம்பஸ் போயிருந்தா என்னவாயிருப்பேன்?" என்னிடம் பதில் இல்லை. வழிகாட்டுகிறவனுக்கு அவன் நடந்த பாதைதான் தெரியும். நான் நடந்தது ஆசிரியர் பாதை, அதையே காட்டினேன்.

அதனால் தம்பிக்கு ஒரே ஒரு அக்கா போதாது. நீ மட்டும் போதாது என்றும் சேர்த்துச் சொல்கிறேன், கோபிக்காதே. முகாமைத்துவம் படித்த ஒருவர், கொழும்பில் வேலை செய்யும் ஒருவர், மொழி தெரிந்த ஒருவர் என்று இரண்டு மூன்று பேராக இருக்கட்டும்.

மட்டக்குச்சி எழுதியது:

சேர் சொன்னதை நான் மறுபக்கமிருந்து சொல்கிறேன். நானும் விடுதியில் ஒரு தங்கச்சிக்கு அக்காவாக இருந்தேன். மின்னஞ்சலை நானே எழுதினேன், ஒப்படையை (அசைன்மன்ட்) திருத்துகிறேன் என்று முழுவதையும் நானே எழுதினேன், விரிவுரையாளரிடம் அவளுக்காக நானே போய்ப் பேசினேன். நான் படிப்பை முடித்துப் போன பிறகு அவள் ஒரு தவணை முழுக்க அறையை விட்டு வெளியே வரவில்லையாம். கவ்வாத்துமலை, உங்கள் அக்கா நாலாவது கடை வாசலில் நின்றாரே, அந்த இடத்தில் நான் உள்ளே போயிருப்பேன். அதுதான் வித்தியாசம் என்று இன்றைக்குத்தான் பிடிபட்டது.

தம்பிக்கும் நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். இந்த இழையையே அவன் ஆரம்பித்திருக்க வேண்டும், இல்லையா?

கவ்வாத்துமலை எழுதியது:

மட்டக்குச்சி அக்கா, சரியான இடத்தில் குத்திவிட்டீர்கள். அவனைக் கேட்காமல்தான் எழுதினேன்.

இன்று மாலை அப்பாவுக்கும் அவனுக்கும் முழு இழையையும் வாசித்துக் காட்டினேன், மூங்கில்காட்டை மட்டும் தாண்டிவிட்டு. அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்டார். கலண்டர் இடம் வந்ததும், "அதெல்லாம் எதுக்கு ஊருக்குச் சொல்ற" என்றார். ஆனால் திரும்பவும் வாசிக்கச் சொன்னார்.

அப்பா கேட்டது ஒரே கேள்வி: "அந்த 8,400 கெடைக்காம இருந்திருந்தா என்னா பண்ணியிருப்ப?" அந்தக் கதையை நான் வீட்டில் சொன்னதேயில்லை. தெரியவில்லை என்றேன். கொஞ்ச நேரம் சாயத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். அவர் தலைவராக இருந்தபோது ஒரு வருடம் கோயில் திருவிழா வசூலில் காசு குறைந்ததாம். யார் எடுத்தார்கள் என்று தெரியவில்லை. அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கட்டினாராம். எனக்கு அப்போது நாலு வயது. தோடு அடகுக்குப் போனது தெரியும், எதற்கு என்று தெரியாது. "எழுதி வச்சிருக்கல. வாயாலயே கணக்கு" என்றார்.

தம்பி இதுவரைக்கும் ஒன்றும் பேசாமல் இருந்தவன், "நான் முதல் வருசம் ஒண்ணுலயும் சேரல, ஆனா கெம்பஸ் தொடங்குற வரைக்கும் கடைக்குப் போறேன்" என்றான். எந்தக் கடை என்று கேட்டால் தலவாக்கலை என்கிறான்! கடைப்பையன் அண்ணே, அவன் உங்களைத் தேடி வந்தாலும் வரலாம். உங்கள் முதல் நாள் வசனத்தை மறக்காமல் சொல்லிவிடுங்கள். பொகவந்தலாவையிலிருந்து தினமும் போய்வர முடியாது, நோர்வூட்டில் அல்லது டிக்கோயாவில் ஏதாவது அகப்படுகிறதா என்றும் பார்க்கிறோம்.

அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை. டவுனுக்குப் போனவர் ஒரு சி.ஆர். கொப்பி (தடித்த அட்டை நோட்டு) வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். யாருக்கு என்று சொல்லவில்லை. தம்பி முதல் பக்கத்தில் தேதிக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான்.

தொங்கல்வீடு அண்ணே, அவன் கெம்பஸ் இருக்கும் கங்கொடவிலப் பக்கம் விடுதி கிடைக்கும்வரை தங்க வாடகை அறை ஏதாவது தெரிந்தால் தனிமடலில் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம். உங்கள் இலக்கத்தை மட்டும் அனுப்புங்கள். அவனையே பேசச் சொல்கிறேன்.

தொங்கல்வீடு எழுதியது:

அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் நான் எழும்பமாட்டேன்.